காருக்கு பாலிஷ் போட்ட கதை

'எங்கள் காரையும் டிராக்டரையும் போர் தண்ணீரில்தான் கழுவுகிறோம். பானெட் முழுக்க வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்துவிட்டது. டவுனில் கேட்டால் பாலிஷ், கோட்டிங் என்று முப்பதாயிரம் சொல்கிறார்கள். வீட்டிலேயே செய்துகொள்ள முடியுமா?'

வாசகர் ஒருவர் கேள்வி-பதில் பகுதிக்கு அனுப்பிய கடிதம் இது. வெங்காயத்தில் அடித்தாள் அழுகல், தென்னையில் வெள்ளை ஈ என்று வரும் கேள்விகளைத்தான் ஆசிரியர் குழு வழக்கமாக எனக்கு அனுப்பும். இதையும் அனுப்பி, 'நீங்கதான் ஞாயித்துக்கிழமை ஆனா காரைத் தேய்ச்சுக்கிட்டே இருப்பீங்களாமே' என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள். யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை. உண்மைதான்.

முடியும் என்பதுதான் பதில். ஆனால், அதை ஒரே வரியில் எழுதிவிட எனக்கு மனசு வரவில்லை. தெரியும் என்ற தைரியத்தில் நான் இன்னொருவர் காரில் கை வைத்த கதையையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தப் பதில் முழுமையாகும்.

நான் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் படித்தவன். இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் வேளாண்மை அலுவலர் வேலை. அதில் பாதி, தாராபுரம் சுற்று வட்டாரத்தில். பழைய கார் ஒன்று வாங்கினேன், கருநீலம். அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு புளியமரம். அதன் நிழலில்தான் தினமும் நிறுத்துவேன். நிழல் கிடைக்கிற இடத்தில் காக்கையும் இருக்கும் என்பது அப்போது உறைக்கவில்லை. பறவை எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது. வெயிலில் பெயின்ட் கொஞ்சம் இளகி விரியும். சாயங்காலம் ஆறும்போது, மேலே காய்ந்து கிடக்கும் எச்சத்தைச் சுற்றி இறுகும். அப்புறம் எச்சத்தைக் கழுவினாலும் அதன் அச்சு போகாது. இது போதாதென்று நான் தினமும் காலையில் காய்ந்த துணியை எடுத்துத் தூசி தட்டுவேன். தட்டுவதாக நினைப்புதான். பனியன் துணியில் மண் துகளை வைத்து பெயின்டைத் தேய்த்துக் கொண்டிருந்தேன். ஒரு நாள் உச்சி வெயிலில் பானெட்டைப் பார்த்தால், சிலந்தி வலை பின்னின மாதிரி வட்ட வட்டமாகக் கீறல். கருநீலம், கறுப்பு, மெரூன் போன்ற நிறங்களில் இது பளிச்சென்று தெரியும். வெள்ளைக் காரிலும் இருக்கும், கண்ணுக்குத்தான் தெரியாது.

அதிலிருந்துதான் இந்தப் பைத்தியம் பிடித்தது.

முதலில் காரின் பெயின்ட் என்பது என்ன என்று பார்த்துவிடுவோம். இது தெரியாமல் பாலிஷ் டப்பாவைத் திறப்பது, மண் பரிசோதனை செய்யாமல் உரம் போடுகிற மாதிரி. இப்போது வருகிற கார்களில் தகரத்தின் மேல் துருத் தடுப்புக்கு ஒரு பூச்சு, அதன் மேல் பிரைமர், அதற்கு மேல் நிறம், கடைசியாகக் கண்ணாடி மாதிரி நிறமே இல்லாத ஒரு பூச்சு. கடைசியில் இருப்பதை கிளியர் கோட் என்பார்கள். பளபளப்பு அங்கேதான் இருக்கிறது. சூரியனின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருளும் அதில்தான் கலந்திருக்கிறது.

இந்த நான்கையும் சேர்த்து எத்தனை கனம் தெரியுமா? பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர். நம் தலைமுடி சுமார் 70 மைக்ரான். கிளியர் கோட் மட்டும் என்றால் 40, 50 மைக்ரான்தான். அதாவது ஒரு முடியின் கனம்கூட இல்லை. ஸ்பிரேயரில் வரும் மருந்துத் துளியின் அளவை மைக்ரானில் சொல்லிச் சொல்லி எத்தனையோ பயிற்சி முகாம் நடத்தியிருக்கிறேன். கார் பெயின்டுக்கும் அதே அளவுகோல் என்று தெரிந்தபோது எனக்கே ஆச்சரியம்.

பாலிஷ் என்பது எதையும் பூசுவதல்ல, சுரண்டுவது. பலரும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். டப்பாவில் இருக்கும் காம்பவுண்டில் அலுமினியம் ஆக்ஸைடு போன்ற நுண்ணிய தூள் இருக்கும். கீறலின் அடி மட்டம் வரைக்கும் சுற்றியிருக்கும் கிளியர் கோட்டை அது தேய்த்துவிடுகிறது. பள்ளத்தை மூடுவதில்லை, மேட்டை வெட்டிச் சமன் செய்கிறது. வயலில் மண்ணை வெட்டி மட்டம் பண்ணுகிறோமே, அது மாதிரிதான். ஒவ்வொரு முறையும் மேல் மண் கொஞ்சம் போய்விடும். திரும்ப வராது.

இது எனக்கு நன்றாகத் தெரிந்த பிறகுதான் அந்தத் தவறைச் செய்தேன்.

2019 ஏப்ரல். கடும் வறட்சி. எனக்குப் பழக்கமான வெங்காய விவசாயி ஒருவர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். கிணறு வற்றிவிட்டது, போரில் காற்றுதான் வந்தது. புது போர் போடப் பணம் வேண்டும். வீட்டில் ஒரு மெரூன் கலர் கார் இருந்தது, மகன் வாங்கிக் கொடுத்தது. அதை விற்றுவிடலாம் என்று முடிவு செய்துவிட்டார். வாங்குகிறவர் ஒரு முறை வந்து பார்த்து 2,10,000 ரூபாய் என்று பேசிவிட்டுப் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பணத்தோடு வருவதாக ஏற்பாடு.

வியாழக்கிழமை சாயங்காலம் அவர் தோட்டத்துக்குப் போனேன். களத்தில் கார் நின்றது. போர் தண்ணீர்த் திட்டு, ஒரு பக்கம் தென்னைமரத்துக் கறை, பானெட்டில் மங்கல். "இதை இப்படியேவா குடுப்பீங்க? சனிக்கிழமை நான் வர்றேங்ணா. பாலிஷ் போட்டா கூட பத்தாயிரம் கேக்கலாம்" என்றேன். அவர் கேட்கவில்லை. நானாகச் சொன்னதுதான்.

என் காருக்குக் கையால்தான் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கார் முடிக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆகும். இங்கே ஒரு நாள்தான் இருக்கிறது என்று, வெல்டிங் பட்டறையில் இருந்து ஆங்கிள் கிரைண்டரை வாங்கிக்கொண்டு, அதில் மாட்டுகிற மாதிரி கம்பளிப் பேடு ஒன்றும் வாங்கிப் போனேன். கிரைண்டர் நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்று சுற்றும். பாலிஷ் மெஷினை ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு சுற்றில் வைத்துத்தான் ஓட்டுவார்கள். வேகத்தைக் குறைக்கிற வசதி அந்த கிரைண்டரில் இல்லை. 'லேசாகத் தொட்டு எடுத்தால் போதும்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். முதல் இரண்டு கதவுகள் அற்புதமாக வந்தன. அதுதான் கெடுத்தது. பக்கத்தில் நின்ற அண்ணன், "அட, புது வண்டியாட்டம் ஆகிப்போச்சுங்களே" என்றார். அவர் வீட்டு அம்மா மோர் கொண்டுவந்தார்கள். நான் பேசிக்கொண்டே பானெட்டுக்கு வந்தேன். பானெட்டின் ஓரத்தில் ஒரு மடிப்புக் கோடு உண்டு. அப்படிப்பட்ட மேடுகளிலும் விளிம்புகளிலும் பெயின்ட் மெலிதாகத்தான் நிற்கும். பேடு அழுத்துவதும் அங்கேதான் அதிகம். அந்த இடத்தில் டேப் ஒட்டி மறைத்துவிட்டுத்தான் மெஷினை வைக்க வேண்டும். டேப் என் பையிலேயே இருந்தது.

மெஷினை நிறுத்திப் பார்த்தபோது வெள்ளைக் கம்பளியில் சிவப்பு ஏறியிருந்தது. கிளியர் கோட் இருக்கிற காரில் துணியில் நிறம் வந்தால், மேல் பூச்சு போய்விட்டது, நிறத்தையே தேய்க்கிறோம் என்று அர்த்தம். அந்த நொடியில் வயிற்றில் ஏதோ புரண்டது. துடைத்துப் பார்த்தால் மடிப்புக் கோட்டின் மேல் ஒரு சாண் நீளத்துக்குச் சாம்பல் நிறப் பிரைமர் எட்டிப் பார்க்கிறது. சுற்றிலும் மங்கலான ஒரு வளையம்.

ராத்திரியோடு ராத்திரியாக டவுனில் ஒரு பெயின்டரைப் பிடித்து அந்த இடத்தை மட்டும் அடித்து வாங்கினேன். நான் செய்த இரண்டாவது தவறு இது. மறுநாள் வாங்க வந்தவர் பானெட்டைக் குனிந்து பார்த்தார், விரலால் தடவினார், பின்னால் போய் டிக்கியைத் திறந்து பார்த்தார். "பானெட் பெயின்ட் அடிச்சிருக்குதே. முன்னாடி எங்காச்சும் மோதுனதுங்களா?" என்றார். இல்லை என்று நானும் சொன்னேன், அண்ணனும் சொன்னார். பழைய கார் வாங்குகிறவர்களிடம் அது எடுபடாது. போன வாரம் மங்கலாக இருந்த பானெட் இந்த வாரம் புதுப் பெயின்டோடு நின்றால் யாருக்கும் சந்தேகம் வரும். கடைசியில் 1,85,000 ரூபாய்க்கு முடிந்தது. இருபத்தைந்தாயிரம் போயிற்று.

திட்டோடு அப்படியே விட்டிருந்தால் 2,10,000 ரூபாய்.

அடுத்த வாரம் இருபத்தைந்தாயிரத்தை ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். போர் வண்டி வந்து போயிருந்தது. ஈர மண் குவிந்து கிடந்தது. நினைத்திருந்ததைவிட நூற்றைம்பது அடி முன்னாலேயே நிறுத்தச் சொல்லிவிட்டாராம். தண்ணீர் வந்ததா என்றால், வந்தது. ஒரு இஞ்ச். இன்னும் நூற்றைம்பது அடி போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

கவரை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கட்டிலில் உட்காரச் சொன்னார். கோபமாகத் தெரியவில்லை. நிதானமாகத்தான் சொன்னார்.

"சார், அஞ்சாறு வருசத்துக்கு முன்னால நீங்க சொன்ன களைக்கொல்லிய அடிச்சு ஒன்றரை ஏக்கர் தாள் கருகிப்போச்சுங்க. அப்ப நான் உங்ககிட்டப் பணம் கேட்டனுங்களா? நீங்களும் குடுக்கலீங்க. இப்ப மட்டும் ஏனுங்க?"

எனக்கு அது நினைவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தது. மேக மூட்டமாக இருந்த ஒரு நாளில் களைக்கொல்லி சொன்னேன். மறுநாள் மழை. வெங்காயத் தாள் நுனியில் இருந்து காய்ந்துகொண்டே வந்தது. அலுவலகக் குறிப்பில் 'தட்பவெப்பநிலை காரணமாக' என்று எழுதிய ஞாபகம். அதன் பிறகு அந்த ஒன்றரை ஏக்கரில் என்ன எடுத்தார் என்று நான் போய்க் கேட்கவில்லை. ஒரு காரின் பானெட்டை என் கையாலேயே கெடுத்தேன், அது கண்ணெதிரே நின்றது, ராத்திரி தூக்கம் வரவில்லை, பணம் எடுத்துக்கொண்டு ஓடினேன். அந்த ஒன்றரை ஏக்கருக்கு அப்படி ஓடவில்லை. அன்றைக்கு எவ்வளவு போயிற்று என்று இப்போதாவது சொல்லுங்கள் என்றேன். "அதெல்லாம் கணக்கு வெச்சா வெவசாயம் பண்ண முடியுங்களா" என்று எழுந்து மோட்டார் போடப் போய்விட்டார். கவர் என் மடியிலேயே இருந்தது.

அந்த வருடம் முதல் எந்த மருந்து சொன்னாலும் முதலில் ஒரு சென்ட்டில் அடித்து மூன்று நாள் பாருங்கள் என்று சீட்டிலேயே எழுதிக் கொடுக்கிறேன். சில பேர் சிரிப்பார்கள். 'ஆபீசருக்கே நம்பிக்கை இல்லை' என்றுகூட ஒருவர் சொன்னார்.

கடிதம் எழுதிய வாசகருக்கு வருகிறேன். காரிலும் முதல் வேலை அந்த ஒரு சென்ட்தான். பானெட்டில் ஆரம்பிக்காதீர்கள். பின் கதவின் கீழ்ப் பக்கம், கண்ணில் படாத ஓர் உள்ளங்கை அகலத்தில் செய்து பாருங்கள். அங்கே திட்டு போகவில்லை என்றால் மேலேயும் போகாது. அங்கே லேசான பாலிஷிலேயே போகிறது என்றால், கடினமான காம்பவுண்டுக்கு வேலையே இல்லை.

கழுவுவதில் அவசரம் கூடாது. காலையிலோ சாயங்காலமோ நிழலில் நிறுத்தி, புறங்கையை பானெட்டில் வைத்துப் பாருங்கள், சுட்டால் காத்திருங்கள். இரண்டு பக்கெட் வேண்டும். ஒன்றில் கார் ஷாம்பு, இன்னொன்றில் துணியை அலசச் சுத்தமான தண்ணீர். மேலிருந்து கீழே வாருங்கள். சோப்புத் தூளும் பாத்திரம் கழுவும் திரவமும் ஏற்கெனவே போட்ட மெழுகை எடுத்துவிடும். கடைசி அலசலுக்கு மட்டும் மழைத் தண்ணீரோ ஆற்றுத் தண்ணீரோ ஒரு குடம் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் திட்டு என்பது போர் தண்ணீரில் இருக்கும் கால்சியம், மக்னீசியம் உப்புதான். சொட்டுநீர்க் குழாயின் துளையை அடைக்கிறதே, அதேதான். தண்ணீரைக் காய விடாமல் உடனே துடைத்துவிட்டால் பாதிப் பிரச்னை வராது.

ஏற்கெனவே விழுந்த திட்டுக்கு, வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம பங்கு கலந்து, துணியில் நனைத்து ஓரிரு நிமிடம் ஒற்றி வைத்துவிட்டு நன்றாக அலசுங்கள். புதுத் திட்டு கரைந்துவிடும். சொட்டுநீர்க் குழாய்க்கு அமிலம் விடுகிறோமே என்று அதை எடுத்துவந்து ஊற்றிவிடாதீர்கள். கழிப்பறை கழுவும் ஆசிட்டும் கூடாது. வினிகருக்குப் போகாதது பெயின்டையே அரித்து இறங்கியிருக்கிறது என்று பொருள். அதற்குத்தான் பாலிஷ்.

கழுவிய பிறகு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கவருக்குள் கையை விட்டு பானெட்டைத் தடவிப் பாருங்கள். வெறும் கைக்கு வழவழவென்று இருப்பது, கவரோடு தடவினால் மணல் மாதிரி நெருடும். மரப் பிசின், இரும்புத் தூள், ரோட்டுத் தார் எல்லாம் ஒட்டியிருப்பதுதான் அந்த நெருடல். அதற்குக் கிளே பார் என்று சப்பாத்தி மாவு மாதிரி ஒன்று விற்கிறது. ஷாம்புத் தண்ணீரைத் தெளித்து வழுக்க வழுக்கத் தேய்க்க வேண்டும். கீழே விழுந்துவிட்டால் துடைத்துவிட்டுப் பயன்படுத்தலாம் என்று நினைக்காதீர்கள், தூக்கிப் போடுங்கள்.

பாலிஷ் போடுவதற்கு ஸ்பான்ஜ் பேடு, பட்டாணி அளவில் நாலு சொட்டு, இரண்டடிக்கு இரண்டடி இடம். நெடுக்காக ஒரு முறை, குறுக்காக ஒரு முறை. மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். அதில் தைத்திருக்கும் லேபிளை முதலில் கத்தரித்துவிடுங்கள், அதுவே கீறும். மெஷின்தான் வேண்டும் என்றால், ஒரே இடத்தில் சுற்றாமல் ஆடிக்கொண்டே சுற்றுகிற டூயல் ஆக்‌ஷன் மெஷினை வாடகைக்கு எடுங்கள். விளிம்பு, மடிப்பு, ரப்பர் எல்லாவற்றுக்கும் டேப். கிரைண்டர் வேண்டாம். இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் தகும்.

இன்னொன்று, எல்லாக் கீறலும் போக வேண்டும் என்று நிற்காதீர்கள். பூச்சி எண்ணிக்கை பொருளாதாரச் சேதநிலையைத் தாண்டினால்தான் மருந்து என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். நகத்தை வைத்து இழுத்தால் தட்டுகிற ஆழமான கீறலைப் பாலிஷால் எடுக்கப் பார்த்தால் கிளியர் கோட் மிஞ்சாது. அது இருந்துவிட்டுப் போகட்டும்.

மெழுகு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தமானது, கொஞ்சம் நின்று பேசுகிறேன். காருக்குப் போடும் வேக்ஸ்களில் பேர் பெற்றது கார்னோபா. இது பிரேசிலின் வடகிழக்கில் வறண்ட பகுதியில் வளரும் ஒரு பனை இனம். வெயிலில் தண்ணீர் ஆவியாகிப் போகாமல் இருக்க, அந்தப் பனை தன் ஓலைமேல் தானே மெழுகு பூசிக்கொள்கிறது. ஓலையை வெட்டிக் காயவைத்து, தட்டித் தூளை எடுத்து உருக்குகிறார்கள். 82 டிகிரிக்கு மேல் சூடாக்கினால்தான் உருகும். மிட்டாய்க்கும் மாத்திரைக்கும் மேலே பளபளப்பு வருவதுகூடப் பல நேரம் இதனால்தான். நம் தோட்டத்திலேயே இந்த வித்தை இருக்கிறது. முட்டைக்கோஸ் இலையிலும் வெங்காயத் தாளிலும் சாம்பல் பூத்த மாதிரி இருப்பது மெழுகு. அதனால்தான் அங்கே மருந்து உருண்டு விழுகிறது, ஒட்டும் திரவம் கலக்கச் சொல்கிறோம். விரலால் அந்தச் சாம்பலைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், பரவி நிற்கும். காரில் மெழுகு தீர்ந்துவிட்டதா என்று பார்ப்பதும் இப்படித்தான். தண்ணீர் முத்து முத்தாக நின்றால் இருக்கிறது, தகடாகப் படர்ந்து நின்றால் போய்விட்டது.

தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாததை நாம் பழமொழியாகப் பேசிக்கொண்டிருக்க, ஜெர்மன் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்து 1997-ல் விளக்கி எழுதினார். இலைமேல் கண்ணுக்குத் தெரியாத மேடுகள், அவற்றின் மேல் மெழுகு. இரண்டும் சேர்ந்ததால் சொட்டு உருளும்போது தூசியையும் அள்ளிப் போகிறது. 'தாமரை இலை போலத் தானே சுத்தமாகும்' என்று கோட்டிங் விற்கிறவர்கள் சொன்னால் நம்ப வேண்டாம். உங்கள் பானெட்டில் அந்த மேடுகள் கிடையாது. கழுவுவது சுலபமாகும், அவ்வளவுதான்.

வேக்ஸைத் தோசைக்கல்லில் எண்ணெய் தடவுகிற மாதிரி மெலிதாகத் தடவுங்கள். தடிமனாகப் போட்டால் துடைப்பதற்குத்தான் கஷ்டம். நம் ஊர் வெயிலில் இரண்டு மாதம் நின்றால் பெரிது. செயற்கை சீலன்ட் அதைவிடக் கூட நாள் வரும்.

செராமிக் கோட்டிங் என்பது சிலிக்கா சார்ந்த திரவம். காய்ந்தபின் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். சின்ன பாட்டிலாக வாங்கி வீட்டிலும் போடலாம். ஆனால், தூசி பறக்காத இடம் வேண்டும், ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படக்கூடாது. துடைக்கத் தவறிய இடம் அப்படியே இறுகிக் கறையாக நின்றுவிடும், அப்புறம் பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும். களத்து ஓரம் கார் நிறுத்துகிறவர்களுக்கு இது ஒத்துவராது என்பது என் எண்ணம். '9 ஹெச் கடினம்' என்பார்கள். அது பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. வைரத்துக்கு அடுத்த கடினம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். கல் பட்டால் தெறிக்கும், போர் தண்ணீர் காய்ந்தால் அதன்மேலும் திட்டு விழும். டெஃப்லான் கோட்டிங் என்று சொன்னால், தோசைக் கடாயில் அதைப் பிடிக்க வைக்க 327 டிகிரிக்கு மேல் சூடேற்றுகிறார்கள், என் காரை எத்தனை டிகிரியில் வைப்பீர்கள் என்று கேளுங்கள்.

முப்பதாயிரம் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கார் புதியதாக இருந்து, வீட்டில் மூடிய ஷெட்டும் இருந்தால் யோசிக்கலாம். இல்லையென்றால் ஷாம்பு, வினிகர், கிளே பார், ஒரு பாலிஷ், ஒரு வேக்ஸ், நாலைந்து துணி. அதோடு ஒரு தார்ப்பாய்ப் பந்தல் போட்டு அதன் கீழ் நிறுத்துங்கள். மரத்தடி வேண்டாம். டிக்கியில் யூரியா, பொட்டாஷ் மூட்டை ஏற்றினால் சிந்தியதை அன்றைக்கே கூட்டிக் கழுவிவிடுங்கள். அது பெயின்டைவிடத் தகரத்துக்குக் கேடு.

டிராக்டர் கதை வேறு. பழைய டிராக்டர்களில் பெரும்பாலும் கிளியர் கோட் கிடையாது, நிறமே மேலே நிற்கும். வெயிலில் வெளுத்து, தொட்டால் கையில் சுண்ணாம்பு மாதிரி ஒட்டும். அந்தப் பெயின்டில் பாலிஷ் போடும்போது துணியில் நிறம் வரத்தான் செய்யும். டீசல் போட்டுத் துடைத்தால் அப்போதைக்குப் பளபளக்கும், மறுநாள் புழுதி எல்லாம் அதில்தான் வந்து உட்காரும்.

போன பொங்கலுக்கு அண்ணன் தன் டிராக்டர் பானெட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார். சிவப்பு, நன்றாக வெளுத்திருந்தது. நான் ஸ்பான்ஜில் பாலிஷைத் தொட்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். "மொதல்ல உள்பக்கம் ஒரு ஓரத்துல போட்டுப் பாருங்க சார்" என்றார். போட்டேன். துணியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கலர் வருதுங்களே."

இந்தப் பெயின்டில் அப்படித்தான் வரும், பயப்பட வேண்டாம் என்று எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"செரிங்க. இருந்தாலும் இன்னைக்கு இது போதும். ஒரு வாரம் வெயில்ல வெச்சுப் பாக்கறேன்" என்று பானெட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.